கரடிமலைக்கு ஏசியில் போன வெண்ணெய்

என் மச்சினன்மார் மூன்று பேர் மீதும் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. இதை நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். யாரும் நம்புவதில்லை. என் கல்யாணத்தன்று மாமனார் அவர்களைக் கூப்பிட்டு, "மாப்பிள்ளையைப் பத்திரமாப் பார்த்துக்குங்கடா" என்றார். பத்திரமாக இருக்கட்டும் என்று என்னை நெல் மூட்டை அறைக்குள் உட்கார வைத்து வெளியே பூட்டிவிட்டார்கள். முகூர்த்த நேரத்தில் சாவியை யார் வைத்திருக்கிறார் என்று மூன்று பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள். அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. கேட்கிறவர்களுக்குத் தெரியட்டும் என்றுதான் சொல்கிறேன்.

மூத்தவன் அர்த்தனாரி. எதையும் யோசித்துத்தான் செய்வான். அவனிடம் உள்ள ஆபத்தே அதுதான். நடுவில் உள்ளவன் சென்னியப்பன். அண்ணன் யோசிக்கத் தேவையான கேள்விகளை எல்லாம் இவன் கேட்டுக் கொடுப்பான். கடைசி காளியண்ணன். கார் ஓட்டுவான், சொன்னதைச் செய்வான். சொன்னதை மட்டும்தான் செய்வான்.

என் மகள் கோகிலாவுக்குப் பிரசவம் சிக்கலானபோது, கரடிமலை ஆஞ்சநேயருக்கு வெண்ணெய்க் காப்புச் சாத்துவதாக என் மனைவி பாவாயி வேண்டிக்கொண்டாள். சாமி மேனி முழுக்க வெண்ணெய் பூசி அலங்காரம் செய்வது. தாயும் பிள்ளையும் நல்லபடியாகப் பிழைத்தார்கள். காப்பு முடிந்தால்தான் குழந்தையைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புவேன் என்றாள் பாவாயி. சம்பந்தி ராயப்பன் கறாரான மனிதர். "சனிக்கிழமை மலைக்கு வரேன். காப்பு முடிஞ்சதும் அங்கிருந்தே பேத்தியைக் கூட்டிக்கிட்டுப் போயிருவேன். முடியலைன்னா, அப்புறம் அழைக்கறதுக்கு எங்க ஆளு யாரும் உங்க வாசலுக்கு வரமாட்டாங்க" என்று சொல்லிவிட்டார். ஆகவே அந்த வெண்ணெய் மலை ஏறுவது என் மானம் ஏறுவது மாதிரி.

காப்புக்கு வெண்ணெய் தாய்மாமன் வீட்டிலிருந்துதான் வரவேண்டும் என்று பாவாயி நின்றாள். மச்சினன்மார் வீட்டில் எருமைகள் உண்டு. வெண்ணெய்க்குக் குறைவில்லை. ஆனால் அது சித்திரை வெயில். அவர்கள் ஊரிலிருந்து மலைக்கு வருவதற்குள் வெண்ணெய் நெய்யாகிவிடும்.

"கவலைப்படாதீங்க மாமா. நம்ம கார்ல ஏசி இருக்குதுங்க" என்றான் அர்த்தனாரி.

இருந்தது. வட்ட மூக்கு வைத்த பழைய கார். யாரோ ஒரு டாக்டர் ஆண்டு அனுபவித்துக் கழித்துவிட்ட வண்டி. அதில் ஏசி என்று ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால் உள்ளே வெந்நீர் அண்டாவைத் திறந்த மாதிரி காற்று வரும். என்ஜின் புகை விட்டது. மேட்டைப் பார்த்தாலே நின்றுவிடும். முதலில் இதைச் சரிசெய்யுங்கள் என்று, நானே கூடப் போய் தாவூத் பாய் பட்டறையில் விட்டேன்.

பாய் என்ஜினைப் பிரித்துப் போட்டு வேலை பார்த்தார். மாற்ற வேண்டியதை மாற்றிப் பூட்டி முடித்ததும், கீழே சில பழைய போல்ட்டுகள் கிடந்தன.

"பாய், இது மிச்சமாயிருச்சுங்களே" என்றான் சென்னியப்பன்.

"அது பழசுப்பா. புதுசு போட்டாச்சு. தூக்கிப் போடு."

பாய் அந்தப் பக்கம் திரும்பியதும் அர்த்தனாரி அவற்றைப் பொறுக்கித் துடைத்தான். "இத்தனை வருசம் வண்டிக்குள்ளதான் இருந்துச்சு. இப்ப வெளியே எடுத்தா வண்டி சும்மா இருக்குமா? உள்ளே இருக்கணும், அவ்வளவுதான். எந்த இடத்துல இருந்தா என்ன" என்று சொல்லி, ஒரு துணியில் முடிந்து சீட்டுக்கு அடியில் வைத்தான். மூன்று பேர் முகத்திலும் ஒரு நிம்மதி வந்தது.

அடுத்தது ஏசி. அதில் இருக்கும் கேஸ் எங்கோ கசிகிறது என்றார் பாய். "சோப்புத் தண்ணியைக் கரைச்சு அந்தக் குழாய் மேல தடவிப் பாருங்க. எங்க நுரை முட்டை விடுதோ அங்கதான் ஓட்டை. சாக்பீஸ்ல ஒரு வட்டம் போட்டு வைங்க. நான் டீ குடிச்சுட்டு வந்துடறேன்." என்னையும் டீக்கு அழைத்துப் போனார். நான் போயிருக்கக் கூடாது.

திரும்பி வந்தபோது காரே தெரியவில்லை. நுரை மலையாக நின்றது. வாளியில் ஒரு முழுச் சோப்பையும் கரைத்து, தேங்காய் நாரால் தேய்த்து, மூக்கு முதல் வால் வரை தடவியிருந்தார்கள். தடவிய இடத்தில் எல்லாம் முட்டை விட்டது. முட்டை விட்ட இடத்தில் எல்லாம் வட்டம் போட்டிருந்தார்கள்.

"பாய், குழாய் மட்டும் இல்லீங்க" என்றான் அர்த்தனாரி, சாவு வீட்டில் பேசுகிற குரலில். "கூரை, கதவு, சக்கரம் எல்லாமே ஓட்டைங்க. இத்தனை நாள் இதுல எப்படி உட்கார்ந்து போனோமுன்னே தெரியலைங்க."

அந்தப் பக்கம் சென்னியப்பன் காளியண்ணனின் முழங்கையில் நுரையைத் தடவிக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். "அண்ணா, இவனுக்கும் கசியுது."

காளியண்ணன் பயந்துபோய்க் கையை மற்றொரு கையால் பொத்திக்கொண்டான். "அதான் ஒரு வாரமா அசதியா இருக்குது" என்றான்.

பாய் என்னைப் பார்த்தார். நான் பட்டறைக் கூரையைப் பார்த்தேன். சம்பந்தம் செய்துகொண்ட வீட்டைப் பற்றி வெளியாளிடம் என்ன பேசுவது.

எப்படியோ பாய் காரைக் கழுவிவிட்டு, உண்மையான ஓட்டையைக் கண்டுபிடித்து அடைத்து, கேஸ் நிரப்பினார். பொத்தானை அழுத்தினால் நிஜமாகவே குளிர்ந்த காற்று வந்தது. மூன்று பேரையும் உள்ளே உட்கார வைத்து, "ஏசி ஓடும்போது கண்ணாடியை இறக்கக் கூடாது. குளிர் போயிரும். கொஞ்ச நேரம் ஓடட்டும், அப்புறமா நிறுத்திட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு வேறு வேலைக்குப் போனார்.

கொஞ்ச நேரம் ஆனது. நிறைய நேரமும் ஆனது. ஏசியை நிறுத்திவிட்டார்கள், என்ஜினையும் நிறுத்திவிட்டார்கள். ஆனால் யாரும் இறங்கவில்லை. பட்டறை வெயிலில் அவர்கள் முகம் மூன்றும் கண்ணாடிக்குப் பின்னால் வெந்துகொண்டிருந்தது. நான் போய்க் கதவைத் திறந்தேன்.

"ஐயோ, திறந்துட்டீங்களே மாமா" என்றான் அர்த்தனாரி, வேர்வையைத் துடைத்துக்கொண்டு.

"ஏன் மாப்ளே இறங்காம உட்கார்ந்திருக்கீங்க?"

"கண்ணாடி சின்னதுங்க மாமா. அதையே திறக்கக் கூடாதுன்னா, இவ்வளவு பெரிய கதவைத் திறக்கலாமுங்களா? பாய் வந்து சொல்லட்டுமுன்னு இருந்தோம்."

பாய் கடைசியாக அவர்களை வரிசையாக நிறுத்திப் புத்தி சொன்னார். "பழைய வண்டி. ஏசி ஓடறது என்ஜின் பலத்துலதான். அதனால மேடு ஏறும்போது ஏசியை நிறுத்திருங்க. இந்த முள்ளு சிவப்புக்குப் போச்சுன்னா ஓரமா நிறுத்தி என்ஜினைக் குளிர வைங்க. சூட்டோட பச்சைத் தண்ணியை மட்டும் ஊத்திராதீங்க, இரும்பு விரிசல் விட்டுரும்."

மூன்று பேரும் தலையாட்டினார்கள். அப்போது நான் ஒரு வார்த்தை சொன்னேன். "மாப்ளே, என்ன நடந்தாலும் சரி, வெண்ணெய் கார்ல இருக்கற வரைக்கும் ஏசியை நிறுத்தக் கூடாது." நான் மலைப்பாதையை நினைக்கவில்லை. சம்பந்தியை நினைத்துச் சொன்னேன். அதற்கும் மூன்று பேரும் தலையாட்டினார்கள்.

சனிக்கிழமை காலையிலேயே நானும் பாவாயியும் மகள், பேத்தியோடு பஸ்ஸில் மலை ஏறிவிட்டோம். சம்பந்தி எங்களுக்கு முன்பே வந்து, தூணில் சாய்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இனி நடந்ததை மச்சினன்மாரே எனக்குச் சொன்னார்கள். வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. பெருமையாகத்தான் சொன்னார்கள்.

போசிப் பாத்திரங்களில் வெண்ணெயை நிரப்பிப் பின் சீட்டில் அடுக்கி, நடுவில் சென்னியப்பன் உட்கார்ந்து அணைத்துக்கொண்டான். கண்ணாடியை ஏற்றி, ஏசியைப் போட்டு, அடிவாரம் வரை சுகமாக வந்தார்கள். அங்கே மேடு ஆரம்பித்தது. காளியண்ணன் வண்டியை நிறுத்திவிட்டான்.

"மேட்டுல ஏசியை நிறுத்துன்னு பாய் சொன்னாரு. நிறுத்தாதேன்னு மாமா சொன்னாரு. நான் யார் சொல்றதைக் கேட்கறதுண்ணா?"

"பாய் பெரியவரு" என்றான் சென்னியப்பன். "ஆனா மாமா கோவக்காரரு."

அர்த்தனாரி யோசித்தான். இரண்டு பஸ்கள் அவர்களைத் தாண்டிப் போகும் வரை யோசித்தான். பிறகு கேட்டான்: "மேடு ஏறுதுன்னு வண்டிக்கு எப்படித் தெரியும்?"

"மூக்கு மேலே பார்க்கும்" என்றான் காளியண்ணன்.

"மூக்கு கீழே பார்த்தா?"

"இறங்குதுன்னு நினைச்சுக்கும்."

"அப்ப வண்டியைத் திருப்பு. பின்பக்கமாவே போலாம். மூக்கு கீழேயே பார்க்கட்டும். மேடு ஏறுன மாதிரியும் இருக்காது, ஏசியை நிறுத்துன மாதிரியும் இருக்காது. ரெண்டு பேர் சொன்னதையும் கேட்ட மாதிரி ஆச்சு."

கரடிமலைக்குக் கார் பின்பக்கமாக ஏறியது அதுதான் முதல் தடவை. எதிரே வந்த பஸ் டிரைவர், முன்னால் போகிறதா பின்னால் வருகிறதா என்று தெரியாமல், வண்டியை ஓரங்கட்டி இறங்கி நின்று பார்த்தாராம்.

முதல் வளைவிலேயே முள் சிவப்புக்குப் போனது. வண்டியை ஓரம் நிறுத்தி மூடியைத் திறந்தார்கள். என்ஜின் கொதித்தது.

"குளிர வைக்கணும்" என்றான் அர்த்தனாரி. "தண்ணி ஊத்தக் கூடாது. வேற எதுல குளிர வைக்கறது?"

"விசிறலாமா?"

"காத்தே அனலா இருக்குது. அனலை அனல் மேல விசிறுனா?"

"சும்மா நிறுத்தி வைச்சா தானா ஆறாதா?"

"என்ஜினை நிறுத்துனா ஏசி நின்னுரும். மாமா என்ன சொன்னாரு?"

மூன்று பேரும் ஓடுகிற என்ஜினைச் சுற்றி நின்றார்கள். அப்போது சென்னியப்பன் கேட்டான்: "அண்ணா, ஆஞ்சநேயருக்கு எதுக்கு வெண்ணெய் பூசறோம்?"

"லங்கையையே எரிச்சுட்டு வந்த உடம்பு. அந்தச் சூடு தணியறதுக்கு."

"அவ்வளவு பெரிய சாமி சூட்டையே வெண்ணெய் தணிக்குதுன்னா, இந்த என்ஜின் எம்மாத்திரம்?"

அர்த்தனாரி தம்பியின் தோளில் கை வைத்தான். அவனுக்குக் கண் கலங்கிவிட்டதாகக் காளியண்ணன் பிற்பாடு சொன்னான்.

ஒரு கை அள்ளிப் பூசினார்கள். சொய்யென்று சத்தம் வந்தது. சத்தம் வந்தால் சூடு போகிறது என்று அர்த்தம் எடுத்துக்கொண்டார்கள். அடுத்த வளைவில் இன்னொரு கை. அதற்கடுத்ததில் ஒரு போசி.

பாதி மலையில் காளியண்ணனுக்குச் சின்னதாக ஒரு சந்தேகம் வந்தது. "அண்ணா, வெண்ணெய் குறையுதே."

"குறையத்தான் செய்யும். இப்பக் கொஞ்சம் பூசலைன்னா என்ஜின் நிக்கும். என்ஜின் நின்னா ஏசி நிக்கும். ஏசி நின்னா அவ்வளவு வெண்ணெயும் உருகிரும். மிச்சம் இருக்கறதைக் காப்பாத்தணுமுன்னா இதைச் செலவழிச்சுத்தான் ஆகணும்."

"அது சரி" என்றான் காளியண்ணன்.

கடைசி வளைவில் கடைசிப் போசியையும் அதே நியாயத்துக்காகக் காலி செய்தார்கள். மிச்சம் இருப்பதைக் காப்பாற்றுவதற்கு.

மேலே கோயிலில் எங்களுக்கு முதலில் வாசனைதான் வந்தது. காய்ச்சின நெய் வாசனை. மலையே கமகமத்தது. வந்திருந்த ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். "யாரோ பெரிய கை, நெய்யிலேயே பொங்கல் வைக்கறாங்க போல" என்று சம்பந்திகூட மூச்சை ஆழ இழுத்தார். பாவாயிக்குப் புல்லரித்தது. நான் மட்டும் மலைப்பாதையை எட்டிப் பார்த்தேன். எனக்கு அவர்களைத் தெரியும்.

வெண்புகை விட்டுக்கொண்டு, பின்பக்கமாக, கார் கோயில் வாசலில் வந்து நின்றது. கதவைத் திறக்கவில்லை. உள்ளேயிருந்து அர்த்தனாரி கையைக் காட்டி என்னைக் கிட்டே கூப்பிட்டு, கதவைக் கொஞ்சமாகத் திறந்து, "சீக்கிரம் உள்ளே வாங்க மாமா, குளிர் போகுது" என்றான். நுழைந்தேன். உள்ளே மார்கழி மாதம் மாதிரி இருந்தது.

"வெண்ணெய் எங்கே மாப்ளே?"

"போசியைத் தொட்டுப் பாருங்க மாமா. எப்படி ஜில்லுன்னு இருக்குதுன்னு."

தொட்டேன். ஜில்லென்றுதான் இருந்தது. எல்லாப் போசியும் ஜில்லென்று, சுத்தமாக, காலியாக இருந்தன.

"கடைசி வரைக்கும் ஏசியை நிறுத்தலைங்க. கார்க்குள்ள இருந்த வரைக்கும் ஒரு சொட்டு உருகலை" என்றான் அர்த்தனாரி.

வெளியே வந்து என்ஜின் மூடியைத் தூக்கிப் பார்த்தேன். சாமிக்குச் செய்ய வேண்டிய காப்பு முழுவதும் அங்கே நடந்து முடிந்திருந்தது. காதோரம், கழுத்தோரம் என்று ஒரு இடம் விடவில்லை. சென்னியப்பன் அதன் மேல் ஒரு துளசி இலைகூட வைத்திருந்தான்.

பாவாயி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். சம்பந்தி பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். அர்ச்சகர்தான் இரக்கப்பட்டு, "சாயங்காலம் நடை சாத்தறதுக்குள்ள ஒரு உள்ளங்கை வெண்ணெய் வந்தாலும் போதும். நெத்தியில வெச்சு முடிச்சுடலாம்" என்றார். சம்பந்தி பையை இறக்காமல், "சாயங்காலம் வரைக்கும் பார்க்கறேன்" என்றார்.

அடிவாரத்துக் கடையில் வாங்கி வருகிறேன் என்றேன். தாய்மாமன் வீட்டு வெண்ணெய்தான் என்று பாவாயி உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள்.

மச்சினன்மார் காருக்குள் போய், கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கலந்துபேசினார்கள். பிறகு அர்த்தனாரி இறங்கி வந்தான்.

"மாமா, யோசிச்சுப் பார்த்தோமுங்க. வெண்ணெயைக் கொண்டுவந்தா உருகும். பாலைக் கொண்டுவந்தா திரியும். எருமை உருகவும் உருகாது, திரியவும் திரியாது. எருமையையே ஏசியில கொண்டாந்தர்றோம். இங்க வெச்சுக் கறந்துக்கலாம்."

பாலைக் கறந்ததும் வெண்ணெய் வந்துவிடுமா, உறை ஊற்ற வேண்டாமா, கடைய வேண்டாமா என்று கேட்க வாயைத் திறந்தேன். கார் கிளம்பிவிட்டது. பின் சீட்டு மட்டும் கழற்றப்பட்டு என் காலடியில் கிடந்தது. அதில் நானும் சம்பந்தியும் ஆளுக்கு ஒரு ஓரமாக உட்கார்ந்து காத்திருந்தோம்.

வெயில் சாய்ந்த பிறகு கார் வந்தது. மறுபடியும் பின்பக்கமாகத்தான். அதனால் நாங்கள் முதலில் பார்த்தது பின் கண்ணாடியை. கண்ணாடி நிறைய ஒரு கறுத்த முகமும் இரண்டு கொம்பும் இருந்தன. அது எங்களையே பார்த்தபடி நிதானமாக மேலே வந்தது. போகிற திசையைப் பார்த்து நின்றால்தான் மிருகத்துக்கு மயக்கம் வராது என்று அப்படி ஏற்றினார்களாம்.

இறக்கினார்கள். அது வர மறுத்தது. குளிரை விட்டு யார்தான் வருவார்கள். நான்கு பேர் சேர்ந்து இழுத்து வெளியே நிறுத்தினோம். அர்ச்சகர் செம்போடு ஓடிவந்தார். குனிந்து பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இது கிடா."

"ஆமாங்க சாமி" என்றான் அர்த்தனாரி, மரியாதையாகத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு. "பால் எருமையை எடுத்த எடுப்புல ஏசியில ஏத்தி, அதுக்குச் சளி பிடிச்சு, பால் கட்டிக்கிச்சுன்னா என்னங்க பண்றது? அதான் முதல்ல கிடாவை ஏத்திச் சோதிச்சுப் பார்த்தோம். பாருங்க, தும்மல்கூட வரலை. இனி தைரியமா எருமையைக் கொண்டாரலாமுங்க."

கடைசியில் சம்பந்தி ராயப்பன் எழுந்தார். "இவங்களை இனித் தனியா அனுப்பக் கூடாது. நானே கூடப் போய், எது எருமை எது கிடான்னு பார்த்து ஏத்திக்கிட்டு வரேன்" என்று காருக்குள் தலையை விட்டார். தலையை வெளியே எடுக்கவில்லை. அப்படியே உடம்பையும் உள்ளே இழுத்துக்கொண்டு, "கதவைச் சாத்துங்க, குளிர் போகுது" என்றார்.

அர்ச்சகர் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். "சாமி காரியத்துக்குப் பால் சுத்தமாக் கறக்கணும். நான் பக்கத்துல இருந்தாத்தான் சரியா வரும்" என்று சொல்லி, சன்னதியைப் பூட்டி, சாவியை மடியில் செருகிக்கொண்டு அவரும் ஏறிவிட்டார்.

ஆக, காப்புச் சாத்த வேண்டியவரும், காப்புக்காகக் காத்திருந்தவரும் மலையை விட்டு இறங்கத் தயாரானார்கள். பூட்டிய கோயில் வாசலில் நானும், பாவாயியும், மகளும், பேத்தியும், கிடாவும் நின்றோம்.

கார் நகர்ந்து, மறுபடி நின்றது. அர்த்தனாரி இறங்கி ஓடிவந்து என் கையில் ஒரு காலிப் போசியைக் கொடுத்து, கிடாவைக் காட்டினான்.

"நாங்க வர நேரமாச்சுன்னா சும்மா நிக்காதீங்க மாமா. அதுவரைக்கும் இதைக் கறந்து வெச்சிருங்க."